பெரியம்மாவின் பத்தாம் நாள்

அன்புள்ள கயல்,

நேற்று போனில், "கல்யாணப் பத்திரிகை எல்லாம் கொடுத்து முடிச்சாச்சாம்மா?" என்று கேட்டாய். முடிச்சாச்சு என்றேன். "நீடாமங்கலத்துக்குப் போனியே, மாலதி அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாய். வரேன்னு சொன்னா என்று சொல்லிவிட்டு, பேச்சை மண்டபத்துப் பந்திப் பக்கம் திருப்பிவிட்டேன். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அங்கே நடந்ததில் அது கால் பங்குகூட இல்லை. மீதியைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீ இடையில் ஏதாவது கேட்டால் நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னாலேயே பிரபுவிடமும் கொடு. வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இத்தனை வருடம் மூடி வைத்ததால் வந்த கேடு போதும்.

உன் சரோஜா பெரியம்மாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: மாலதி பிறந்தபோது இறந்துபோனாள். அந்த வாக்கியமே தவறு. அக்கா பிரசவத்தில் இறக்கவில்லை. மாலதி சுகமாகப் பிறந்தாள், அக்காவும் நன்றாக இருந்தாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். நான் அப்போது கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம், விடுமுறைக்கு வந்திருந்தேன். அக்காவுக்குப் பத்திய ரசம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒன்பதாம் நாள் லேசாக உதிரப்போக்கு அதிகமானது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பத்தாம் நாள் காலையில் அவள் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. மத்தியானம் வாடகை வண்டி பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். வழியில் அம்மாப்பேட்டை தாண்டும்போது என் மடியில் தலை வைத்திருந்தவள், "பாப்பா பசிக்கு அழுவாளே" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

இருபது வயதில் நான் அந்தச் சாவை ஒரு கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். வீட்டில் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உதிரம் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் மாதத்தில் எட்டு நாள் போகும். சிவந்த நிறம், சுருட்டை முடி என்பதுபோல அதையும் குடும்ப லட்சணமாகவே வைத்திருந்தோம். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம் இருந்தது. நாளைக்கு எனக்கும் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்து ஹாஸ்டலில் தூக்கம் கெட்டது.

மறு வருடம் ஆய்வகத்தில் ஒரு செய்முறை வகுப்பு. ரத்தம் உறைவது ஒவ்வொரு பிராணியிலும் எப்படி மாறுகிறது என்பது பாடம். கோழியில் நமக்கு இருப்பதுபோன்ற தட்டணு, அதாவது ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட், கிடையாது, அதன் இடத்தில் உட்கருவோடு கூடிய முழு செல் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது என்று பேராசிரியர் காட்டினார். பிறகு, "யாராவது ஒருத்தர் ரத்தம் கொடுங்க" என்றார். நான்தான் முதலில் கை நீட்டினேன். காரணம் உனக்குப் புரியும். என் ரத்தத்தை மெதுவாகச் சுழற்றி, மேலே நின்ற கலங்கலான மஞ்சள் நீரை எடுத்தார்கள். அதில்தான் தட்டணுக்கள் மிதக்கும். அதை இரண்டு குழாயில் பிரித்து, ஒன்றில் இன்னொரு மாணவியின் பிளாஸ்மாவை விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்றில் பசுவின் பிளாஸ்மாவைச் சில சொட்டு விட்டார். ஒரு நிமிடத்துக்குள் கலங்கல் மறைந்து, பால் திரிந்ததுபோல வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. பசுவின் ரத்தத்தில் உள்ள ஒட்டும் புரதம் மனிதத் தட்டணுவைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும், நம்முடைய புரதம் அப்படிச் செய்யாது, காயம் பட்ட இடத்தில் மட்டும்தான் வேலையைத் தொடங்கும் என்று விளக்கினார். குழாயை வெளிச்சத்தில் பிடித்து என்னைப் பார்த்து, "உன் தட்டணு நல்லா வேலை செய்யுதும்மா" என்றார்.

அந்த ஒரு சொல்லை நான் இருபத்தெட்டு வருடம் பிடித்துக்கொண்டிருந்தேன், கயல். என் ரத்தத்தில் குறையில்லை என்று ஒரு பேராசிரியரே சொல்லிவிட்டார் என்று நம்பினேன். அவர் சொன்னதில் தவறில்லை. என் தட்டணுக்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அன்று அவற்றைச் சேர்த்தது மாட்டின் புரதம். என்னுடைய புரதம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அந்தக் குழாய் சொல்லவே இல்லை. நான் கேட்க விரும்பியது வேறு கேள்வி, எனக்குக் கிடைத்தது வேறு கேள்விக்கான பதில். உன்னைப் பெற்றபோது இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அப்போதுகூட, ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளைக்கு இது சகஜம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்து உன் கதை. அது உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்து கேட்டதில்லை. நீ பெரியவளான நாளிலிருந்து நான்கு வருடம் ஒவ்வொரு மாதமும் அவதிப்பட்டாய். பள்ளிக்கூட யூனிபார்மை நனைத்துக்கொண்டு அழுதுகொண்டே வருவாய். "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான், இதுக்குப் போய் ஸ்கூலுக்கு லீவு போடுவியா?" என்று நான் திட்டியிருக்கிறேன். மூக்கு குத்திய இடத்தில் மூன்று நாள் ரத்தம் கசிந்தபோது ஆசாரியைக் குறை சொன்னேன். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும்விட, வயிற்றுவலிக்கு என் கையால் ஆஸ்பிரின் கொடுத்தேன். தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கிற மாத்திரை அது. நான் படித்த பாடம் அது, பரீட்சையில் எழுதியிருக்கிறேன். பத்தாம் வகுப்பில் நீ பிரேயரில் மயங்கி விழுந்தாய். உடனே லேபில் ரத்தம் பார்த்தோம். ரத்தசோகை, ஆனால் தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தது. அந்தத் தாளை அப்பாவிடம் காட்டி, "பிளேட்லெட் நார்மல்ங்க, பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொன்னது நான்தான்.

அடுத்த வருடம் குறுவை அறுவடை சமயத்தில், குடமுருட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆரோக்கியசாமி என்ற விவசாயி தன் டாபர்மேன் நாயைக் கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுவந்தார். ஜூலி என்று பெயர். ஆபரேஷன் சுலபமாக முடிந்தது. ஆனால் தையல் போட்ட இடம் நிற்காமல் கசிந்தது. மறுநாளும் கசிந்தது. ஸ்லைடு போட்டுப் பார்த்தேன், தட்டணுக்கள் தாராளமாக இருந்தன. எண்ணிக்கை சரியாக இருக்கிறதே, பிறகு ஏன் நிற்கவில்லை என்று எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. உதட்டின் உட்புறம் சின்னதாகக் கீறி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிற்க வேண்டிய நேரம் தாண்டியும் ரத்தம் நிற்கவில்லை. இந்த ஜாதி நாய்களில் ஒட்டும் புரதம் குறைவது உண்டு என்பது நினைவுக்கு வந்தது. மாதிரியைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, ஆரோக்கியசாமி வீட்டிலேயே இருந்த இன்னொரு நாயின் ரத்தத்தை எடுத்து ஜூலிக்கு ஏற்றினோம். சாயங்காலத்துக்குள் கசிவு நின்றது. ஒரு வாரத்தில் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. நான் நினைத்தது சரி.

பதிலைச் சொல்ல ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டனுப்பினேன். அவர் எதையும் முழுசாகப் புரிந்துகொள்ளாமல் விடமாட்டார்.

"ரத்தத்துல தட்டணு இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் ஏன் டாக்டரம்மா நிக்கல?"

"தட்டணு ஓடுற ரத்தத்துல தானா நிக்காதுங்க. கிழிஞ்ச இடத்துல அதப் புடிச்சு நிறுத்த ஒரு புரதம் வேணும். ஜூலிக்கு அது குறைச்சல்."

அவர் அதைத் தன் வயலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "வாய்க்கா உடைப்புல மண் மூட்டைய மட்டும் போட்டா தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிடும். முளைக்கம்பு அடிச்சாத்தான் மூட்ட நிக்கும். அந்தக் கம்பு இல்லேங்கிறீங்க."

"அதேதான்."

"இதோட தாயும் குட்டி போட்டுட்டு ரொம்ப நாளு சொட்டிக்கிட்டே கெடந்துச்சும்மா. பரம்பரையா வருமோ?"

"வரும். தாய்கிட்டேருந்து வந்திருக்கும்."

"மனுசங்களுக்கும் உண்டா?"

"உண்டுங்க. பொம்பளைங்களுக்கு மாசாமாசம் நிறைய போகும். பிரசவத்துக்கு அப்பறம்..."

அந்த இடத்தில் எனக்கு அக்காவும் நீயும் சேர்ந்து நினைவுக்கு வந்தீர்கள். ஆரோக்கியசாமி பயந்துபோய், "என்னம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். நான் பதிவேட்டில் கையெழுத்துகூடப் போடாமல் எழுந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். நீ கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாய். உன்னைக் கட்டிக்கொண்டு நான் அழுதது உனக்கு நினைவிருக்கும். ஏன் என்று நீ கேட்டாய், நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு நாய்க்கு நான் எண்ணிக்கையோடு நிறுத்தவில்லை. உனக்கு நிறுத்திவிட்டேன். நாய்க்கு எட்டு நாளில் கண்டுபிடித்தேன், உனக்கு நான்கு வருடம் ஆயிற்று. ஜூலியின் தாயைப் பற்றி அக்கறையாகக் கேட்டுக்கொண்டவள், உன் தாயைப் பற்றி யோசிக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி, பரிசோதனை, உனக்கும் அதே ஒட்டும் புரதம் குறைவு என்ற முடிவு, அதை எழுதி உன் பையில் நீ எப்போதும் வைத்திருக்கும் அந்த அட்டை. வைத்தியம் தொடங்கியதும் உன் முகத்தில் ரத்த ஓட்டம் வந்ததைப் பார்த்து அப்பா கோயிலுக்குப் போனார். நான் போகவில்லை, சாமி முன்னால் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. அங்கே டாக்டர் என்னிடம், "நீங்களும் டெஸ்ட் பண்ணிக்குங்க மேடம், உங்க வீட்டுல யாராவது ரத்தப்போக்குல இறந்திருக்காங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பதினாறு வயதுப் பெண் முன்னால், உன் பெரியம்மா இதில்தான் செத்தாள் என்று எப்படிச் சொல்வது என்று அப்போது ஒரு சமாதானம் கிடைத்தது. அது முழு உண்மை இல்லை. ஒன்று, ரத்தத்திலேயே கோளாறு உள்ள குடும்பம் என்று பேர் வந்தால் உனக்குக் கல்யாணம் ஆகாதே என்ற பயம். இன்னொன்று, வெட்கம். படித்த டாக்டர், அக்கா சாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள், இத்தனை வருடம் தெரியாமல் இருந்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. என் ரத்தத்தைப் பரிசோதிக்கவும் நான் போகவில்லை.

தாராசுரம் கோயில் புல்தரையில் பிரபுவை முதன்முதலாகச் சந்திக்கப் போனோமே, அன்று காரில் உன்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன், "அதப் பத்தி இப்ப வாயத் தொறக்காத" என்று. நீ பத்து நிமிடத்தில் அவனிடம் அட்டையைக் காட்டிவிட்டாய். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு ஒருநாள் பிரபு என்னிடம் தனியாக, "அத்தை, நாளைக்குக் கொழந்தைன்னு வரும்போது நாங்க என்ன கவனமா இருக்கணும்?" என்று கேட்டான். அவ்வளவு நேராகக் கேட்டான். நான், "அதெல்லாம் டாக்டர் பாத்துப்பாங்கப்பா" என்றேன். அன்று நான் சொல்லாமல் விட்டது உன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மறுநாளே போய் என் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். வயதானால் அந்தப் புரதம் கொஞ்சம் ஏறும் என்கிறார்கள். ஏறியும் எனக்குக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆக, உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது.

இனி நீடாமங்கலம். மாலதியை அவளுடைய அத்தைதான் வளர்த்தார் என்பது உனக்குத் தெரியும். வளர்ந்த காலம் முழுக்க, அம்மாவை எடுத்துக்கொண்டு பிறந்தவள் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தாள். எந்த வளைகாப்பிலும் அவளை வளையல் போடக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. போன வியாழக்கிழமை அவளுடைய இ-சேவை மையத்துக்கே போய்ப் பத்திரிகை வைத்தேன். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "கண்டிப்பா வரேன் சித்தி. ஆனா மேடைக்கு மட்டும் கூப்பிடாதீங்க, நான் கீழயே உக்காந்து பாத்துக்கறேன். நல்ல காரியம் பாருங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் பெண் பூரணி, பதின்மூன்று வயது, பக்கத்தில் பிரிண்டருக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தாள். வெளிறிப்போய் இருந்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பூரணியைக் காபி வாங்கிவர அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பத்தாம் நாள் இறந்ததை, ஒட்டும் புரதத்தை, உன் அட்டையை, என் ரிப்போர்ட்டை.

மாலதி முழுவதையும் கேட்டாள். கடைசியில், "அப்ப என்னால இல்லையா சித்தி?" என்றாள்.

"இல்லடி. வயித்துல பிள்ளை இருக்கறப்ப அந்தப் புரதம் தானா கூடும். அதனாலதான் பிரசவம் நல்லபடியா ஆச்சு. அதுக்கப்பறம் ஒண்ணு ரெண்டு வாரத்துல பழையபடி எறங்கிடும். அப்பத்தான் ஆபத்து. அதப் பாக்கணும்னு எங்க யாருக்கும் தெரியல. நீ ஒண்ணும் பண்ணல."

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

பதினோரு வருடமாக என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "பூரணி பொறந்தப்ப எனக்கும் நிக்காமப் போச்சு. அம்மா மாதிரியே இவளும்னு சொன்னாங்க. ரெண்டாவது வேணும்னு அவருக்கு ரொம்ப ஆசை. எனக்கும்தான். செத்துடுவேன்னு பயந்து வேணாம்னுட்டேன். அப்ப பூரணிக்கு ரெண்டு வயசு, மூணு வயசு. அப்ப உங்களுக்குத் தெரியும், இல்ல?"

தெரியும் என்றேன். அவள் பத்திரிகையை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள். "இப்பப் போங்க சித்தி" என்றாள். பூரணி கொண்டுவந்த காபியைக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான், கயல். உனக்குக் குழந்தை உண்டானதும், முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போதே சரோஜா பெரியம்மாவைப் பற்றிச் சொல். பிரசவம் ஆனதும் எல்லாரும் இனிப்பு கொடுத்துக்கொண்டிருப்பார்கள், நீயும் நன்றாக இருப்பாய். அதை நம்பி வீட்டுக்கு வந்து படுத்துவிடாதே. பத்தாம் நாளும், அதற்குப் பிறகு சில வாரமும் பரிசோதனை வேண்டும் என்று நீயே கேள், பிரபுவும் கேட்கட்டும். மருந்து இருக்கிறது, அக்காவுக்கு இல்லாதது எல்லாம் உனக்கு இருக்கிறது. யாராவது உன்னிடம் எல்லாம் நார்மல் என்றால், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்க வெட்கப்படாதே. உன் பிள்ளை, பெண்ணானாலும் பையனானாலும், வலிக்கிறது என்றோ நிற்கவில்லை என்றோ சொன்னால், நம் வீட்டில் இப்படித்தான் என்று மட்டும் சொல்லிவிடாதே. என்மேல் உனக்குக் கோபம் வந்தால் அதையும் அடக்கிக்கொள்ளாதே.

இன்று காலை, இந்தக் கடிதத்தை எழுத உட்காரும் முன்னால், மாலதி போன் செய்தாள். ஆறு நாளில் முதல் தடவை. நலம் விசாரிக்கவில்லை. உன் டாக்டரின் பெயரும் விலாசமும் கேட்டாள், திங்கட்கிழமை பூரணியை அழைத்துப் போகிறாளாம், தனக்கும் பார்க்கப் போகிறாளாம். சொன்னேன், எழுதிக்கொண்டாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் பிரிண்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு, "எங்கம்மா எப்படி இருப்பாங்க சித்தி?" என்றாள். "செத்ததப் பத்தித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. எப்படி இருப்பாங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

நாற்பது வயதுப் பெண் கேட்கிறாள். நான் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன். வேகமாக நடப்பாள், கூட நடக்கிறவர்கள் ஓட வேண்டும் என்றேன். ரேடியோவில் பாட்டு வந்தால் இரண்டாவது வரியிலிருந்து தப்பாகப் பாடுவாள் என்றேன். முன்பல் ஒன்று மற்றதன்மேல் ஏறி இருக்கும், அதனால் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள் என்றேன்.

"பூரணிக்கும் பல்லு அப்படித்தான் சித்தி இருக்கு," என்றாள். "கம்பி போட்டு நேராக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. இப்ப வேணாம்னு தோணுது."

உன்
அம்மா